செங்கல் சுவருக்கு அப்பால் ஆள் இருப்பது தெரியுமா? 2.4 கிகாஹெர்ட்ஸ் டப்பா ரேடார் பற்றிச் சில சந்தேகங்கள்

சுவர்க்கோழி கேட்டது:

மீட்புப் பணிக்கான மாதிரிக் கருவி ஒன்று செய்யும் திட்டம். மூடிய அறைக்குள் ஆள் இருக்கிறாரா, இருந்தால் சுவரிலிருந்து எத்தனை மீட்டரில் என்ற இரண்டும் தெரிந்தால் போதும். படம் வேண்டாம். சோதனைக்கு இரண்டு சுவர்கள்: இருபுறமும் பூசிய 9 அங்குலச் செங்கல் சுவர், 20 செ.மீ. கம்பி கட்டிய கான்கிரீட் சுவர்.

24 கிகாஹெர்ட்ஸில் ஓடும் எல்டி2410 போர்டு, ஜிப்சம் தடுப்பையும் மரக்கதவையும் தாண்டி ஆளைக் காட்டுகிறது. கான்கிரீட் வந்ததும் குருடு. சுமார் 3.2 கிகாஹெர்ட்ஸ் ஆர்சிடபிள்யூஎல்-0516 போர்டு செங்கலுக்கு அப்பால் நடந்தாலும் விழிக்கிறது, ஆனால் இந்தப் பக்கம் நடப்பவருக்கும் அதே மாதிரி விழிக்கிறது. தூரமும் சொல்வதில்லை.

அதனால் எம்ஐடி லிங்கன் ஆய்வகத்தார் 2011-இல் பாடமாக வெளியிட்ட, காபி டப்பாக்களையே ஆன்டெனாவாக வைத்த 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடாரைக் கட்டலாம் என்று யோசனை. என் சந்தேகங்கள்: அதன் 10 மில்லிவாட் கான்கிரீட்டைத் தாண்டப் போதுமா? தூரம் எவ்வளவு துல்லியமாக வரும்? அசையாமல் உட்கார்ந்திருப்பவர் மூச்சை வைத்துத் தெரிவாரா? இதை ஓட்ட உரிமம் வேண்டுமா?

---

டெசிபல் துரை பதில்:

முதலில் சுவர் எவ்வளவு தின்னும் என்று பார்ப்போம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூ-வின் பி.2040 பரிந்துரையில் கான்கிரீட்டுக்குக் கொடுத்திருக்கும் மாதிரியை வைத்துக் கணக்குப் போட்டால், 2.4 கிகாஹெர்ட்ஸில் மீட்டருக்குச் சுமார் 65 டிபி (டெசிபல்; ஒவ்வொரு 10 டிபி-க்கும் பவர் பத்தில் ஒரு பங்காகும்) இழப்பு. 10 கிகாவில் 200, 24 கிகாவில் 400-ஐத் தொடும். உங்கள் 20 செ.மீ. சுவருக்கு ஒரு தடவை கடக்க முறையே 13, 40, 80 டிபி. ரேடார் அலை போகவும் வேண்டும், வரவும் வேண்டும். எல்லாவற்றையும் இரண்டால் பெருக்குங்கள். 24 கிகாவில் 160 டிபி. எல்டி2410-ஐக் குறை சொல்லிப் பயனில்லை.

செங்கல் ரொம்பச் சாது. 2.4 கிகாவில் மீட்டருக்கு 23 டிபி அளவு. 9 அங்குலத்துக்குப் போக வர 10, 11 டிபி. இதெல்லாம் காய்ந்த சுவருக்கு. மழையில் ஊறிய சுவருக்கும், பூசி ஒரு மாதம்கூட ஆகாத சுவருக்கும் இந்தக் கணக்கு செல்லாது. தண்ணீர்தான் உண்மையான எதிரி.

அப்படியானால் 400 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கினால் இன்னும் நன்றாக ஊடுருவாதா என்று கேட்பீர்கள். ஊடுருவும், ஆனால் கம்பி விடாது. 15 செ.மீ. இடைவெளியில் கட்டிய கம்பி வலை, 75 செ.மீ. அலைநீளத்துக்குக் கிட்டத்தட்டத் தகரம் மாதிரி. ஆன்டெனாவும் பூதாகரமாகிவிடும், பேண்ட்விட்த்தும் (துடைக்கக் கிடைக்கும் அதிர்வெண் அகலம்) கிடைக்காது. சுவர் ஊடுருவும் ரேடார்கள் பெரும்பாலும் 1 முதல் 4 கிகாவுக்குள் வட்டமிடுவது இதனால்தான். அலுமினியத் தகடு ஒட்டிய வெளிப்பூச்சு, பூச்சுக்குள் கோழிவலை, இரும்புக் கதவு இருந்தால் எந்த அதிர்வெண்ணிலும் வேலைக்காகாது.

இப்போது 10 மில்லிவாட் போதுமா என்ற கேள்வி. அனுப்புவது 10 டிபிஎம் (அதாவது அந்த 10 மில்லிவாட்), டப்பா ஒவ்வொன்றுக்கும் 7 டிபிஐ கெயின் (அலையை ஒரு பக்கம் குவிக்கும் அளவு), 6 மீட்டரில் ஒரு சதுர மீட்டர் எதிரொலிப் பரப்புள்ள ஆள். சுவரே இல்லாவிட்டால் திரும்பி வருவது சுமார் -58 டிபிஎம். கான்கிரீட்டின் 26 டிபி-யையும், அலை போக வர நான்கு முறை சுவரின் மேற்பரப்பைக் கடக்கும்போது போகும் 3 டிபி-யையும் கழித்தால் -87. இது குறைவாகத் தோன்றும். ஆனால் 20 மில்லிசெகண்ட் அளவெடுப்பில் ரிசீவரின் வெப்ப இரைச்சல் -150 டிபிஎம் பக்கம் கிடக்கிறது. 60 டிபி மிச்சம்! பவர் உங்களிடம் தாராளமாக இருக்கிறது.

சிக்கல் வேறிடத்தில். ரேடாரைச் சுவரிலிருந்து 2 மீட்டரில் வைத்தால், சுவரின் முன்பக்கம் கண்ணாடி மாதிரித் திருப்பி அடிப்பது மட்டும் -36 டிபிஎம். அனுப்பும் டப்பாவிலிருந்து வாங்கும் டப்பாவுக்கு நேராகக் கசிவதும் ஏறக்குறைய அதே அளவு. ஆளின் எதிரொலி அதைவிட 51 டிபி கீழே. எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் வெளிச்சத்துக்குப் பின்னால் பீடி நெருப்பைத் தேடுவது போன்ற வேலை. ஆம்ப்ளிஃபையரைக் கூட்டினால் ஹெட்லைட்டும் சேர்ந்து கூடும். இந்த வகை ரேடாரில் செய்யும் முக்கால்வாசி வேலை அந்த வெளிச்சத்தை அடக்குவதற்குத்தான்.

தூரத் துல்லியத்துக்கு ஒரே சூத்திரம்: ஒளிவேகத்தைப் பேண்ட்விட்த்தின் இருமடங்கால் வகுங்கள். 2.4 கிகா வைஃபை பேண்டில் கிடைக்கும் 80 மெகாஹெர்ட்ஸுக்கு 1.9 மீட்டர். ஒரு கிகாஹெர்ட்ஸுக்கு 15 செ.மீ. ஆக, 80-ஐ வைத்து ‘அறையின் இந்தப் பாதியா, அந்தப் பாதியா’ என்பதுவரை சொல்லலாம்.

---

டப்பா ஆன்டெனா பதில்:

கட்டும் விஷயத்தை நான் சொல்கிறேன்.

மூலத் திட்டத்தில் மினி-சர்க்யூட்ஸ் துண்டுகள்தான். ஆசிலேட்டர் இசட்எக்ஸ்95-2536சி+, பிறகு 3 டிபி அட்டெனுவேட்டர், இசட்எக்ஸ்60-272எல்என் ஆம்ப்ளிஃபையர், அதிலிருந்து இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர். ஒரு கிளை ஆன்டெனாவுக்கு, மறு கிளை இசட்எக்ஸ்05-43எம்எச் மிக்சரின் எல்ஓ (எதிரொலியோடு ஒப்பிடும் அலை நுழையும்) வாய்க்கு. வாங்கும் பக்கத்தில் அதே ஆம்ப்ளிஃபையர் இன்னொன்று. மிக்சருக்கு 13 டிபிஎம் எல்ஓ வேண்டும். அந்த 3 டிபி அட்டெனுவேட்டரை ‘வீணாகப் பவர் போகிறதே’ என்று தூக்கிவிடாதீர்கள். ஆன்டெனாவிலிருந்து திரும்பும் அலை ஆசிலேட்டரை இழுக்காமல் தடுப்பது அதுதான்.

டப்பாவின் விட்டம் முக்கியம். 100 மி.மீ. டப்பா கிடைத்தால் வேலை செய்யும், ஆனால் அதில் 2.3 கிகாவுக்கு மேலே இரண்டாவது மோடும் (டப்பாவுக்குள் அலை பரவும் இன்னொரு வடிவம்) கிளம்பிவிடுகிறது, கற்றை கோணலாகும். 90 மி.மீ. விட்டம் சரியான அளவு: முதல் மோடு 1.95 கிகாவில் திறக்கும், அடுத்தது 2.55-இல்தான். அடித்தகட்டிலிருந்து 51 மி.மீ. தள்ளி எஸ்எம்ஏ கனெக்டர், உள்ளே 30 மி.மீ. செப்புக் கம்பி. கம்பியை 32-இல் வெட்டி, விஎன்ஏ-வில் (ஆன்டெனா எந்த அதிர்வெண்ணுக்குப் பொருந்துகிறது என்று அளக்கும் கருவி) பார்த்தபடி அரை அரை மில்லியாகக் குறையுங்கள். 100 மி.மீ. டப்பாவாக இருந்தால் 51-க்குப் பதில் 44. உள்பக்கம் அரக்குப் பூச்சு இருந்தால் கனெக்டரைச் சுற்றிச் சுரண்டிவிட்டுப் பற்றவையுங்கள். பூச்சின் மேல் நட்டை முறுக்கினால் எர்த் பிடிக்காது, ரீடிங் ஆடிக்கொண்டே இருக்கும்.

ராம்ப் (ஆசிலேட்டரின் அதிர்வெண்ணைச் சீராக ஏற்றும் வோல்டேஜ்) கொடுக்க எக்ஸ்ஆர்-2206 சிப். மூலத்தில் 20 மில்லிசெகண்ட் ஏற்றம். அதற்குள் 80 மெகாஹெர்ட்ஸைத் துடைத்தால், போகும் அலைக்கும் திரும்பும் எதிரொலிக்கும் இடையே மீட்டருக்கு 26.7 ஹெர்ட்ஸ் வித்தியாசம் வரும். 6 மீட்டர் ஆள் 160 ஹெர்ட்ஸ். அதை ஆப்-ஆம்பில் பெருக்கி, 15 கிலோஹெர்ட்ஸ் லோ-பாஸ் வழியாக லேப்டாப்பின் ஆடியோ உள்ளீட்டின் ஒரு சேனலுக்கும், ராம்ப் தொடங்கும் நேரத்தைச் சொல்லும் சிங்க் பல்ஸை மறு சேனலுக்கும் கொடுக்க வேண்டும். மைக் வாய் மட்டுமே உள்ள லேப்டாப்பில் பெரும்பாலும் ஒரே சேனல்தான், சிங்க் காணாமல் போகும். யூஎஸ்பி ஸ்டீரியோ கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூலத்தில் உள்ள மேக்ஸ்414 ஆப்-ஆம்ப் கிடைக்காவிட்டால் என்இ5532 போதும், சப்ளை வோல்டேஜைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நம் ஊரில் இதில் ஒரு பொறி இருக்கிறது. கரண்ட்டின் 50 ஹெர்ட்ஸ் ஹம், இந்தக் கணக்கில் 1.9 மீட்டரில் நிற்கும் ஒரு பொருளாகவே தெரியும். 100 ஹெர்ட்ஸ் 3.75 மீட்டரில். ஆள் இல்லாத அறையில் ஆள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு, முழுவதையும் பேட்டரியில் ஓட்டுங்கள். ராம்பை 5 மில்லிசெகண்டாகக் குறைத்தால் மீட்டருக்கு 107 ஹெர்ட்ஸ்; ஹம் ஒரு மீட்டருக்குள் ஒடுங்கிக் கசிவோடு கலந்துவிடும்.

இன்னொன்று. அந்தப் பாடத்தின் மாட்லாப் நிரலில் துடைப்பு 2260 முதல் 2590 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கும். அதை அப்படியே ஓட்டாதீர்கள். இங்கே 2300-2400-இல் எல்டிஇ (4ஜி மொபைல்) ஓடுகிறது. 2400-2483.5-க்குள் அடக்குங்கள். ஆசிலேட்டரின் ட்யூனிங் வோல்டேஜுக்கும் அதிர்வெண்ணுக்கும் உள்ள உறவு நேர்கோடு இல்லை. பத்துப் புள்ளிகளில் அளந்து, எல்லை எங்கே என்று தெரிந்துகொண்டு ராம்பின் உயரத்தை வையுங்கள். ஆன் செய்து 15 நிமிடம் சூடேறிய பிறகு அளக்கவும்.

---

சுவர்க்கோழி:

நன்றி துரை சார், டப்பா அண்ணா. 51 டிபி வித்தியாசம் என்றால் எஃப்எஃப்டி-க்கு (அலையை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும் கணக்கு) முன் பிளாக்மேன் விண்டோ (பதிவின் இரு ஓரங்களையும் மெல்லத் தணிப்பது) போட்டால் சுவரின் முகட்டுக்கு இருபுறமும் எழும் பக்கக் கதிர்கள் 58 டிபி கீழே போய்விடுமே, அது போதாதா? ராம்பை ஒரு மில்லிசெகண்ட் வரை குறைத்தால் இன்னும் நல்லதுதானே?

---

டெசிபல் துரை:

பக்கக் கதிர் இறங்கும், ஆனால் நடுக்கதிர் தடிக்கும். பிளாக்மேனில் நடுக்கதிர் இருபுறமும் மும்மூன்று தூரக் கட்டம் படரும். உங்கள் கட்டம் ஒன்று 1.9 மீட்டர், மூன்று கட்டம் 5.6 மீட்டர். சுவர் 2 மீட்டரில், ஆள் 6-இல். ஆள் சுவரின் தடித்த வயிற்றுக்குள்ளேயே மறைந்துவிடுவார். 80 மெகாஹெர்ட்ஸை வைத்துக்கொண்டு விண்டோவால் மட்டும் சுவரைப் பிரிக்க முடியாது. கழித்துத்தான் ஆக வேண்டும்: அடுத்தடுத்த ராம்புகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் அசையாததெல்லாம் போய் நடமாட்டம் மட்டும் நிற்கும்.

எவ்வளவு சுத்தமாகக் கழியும் என்பது ராம்ப் தொடங்கும் நேரத்தை எவ்வளவு சரியாகப் பிடிக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு சாம்பிள் 22.7 மைக்ரோசெகண்ட். சிங்க் விளிம்பு ஒரு சாம்பிள் தள்ளிப்போனால், 20 மில்லிசெகண்ட் ராம்பில் 2 மீட்டர் சுவரின் 53 ஹெர்ட்ஸ் அலை 0.4 டிகிரி பிசகும். கழித்தல் 42 டிபி வரை வரும். 5 மில்லிசெகண்டில் அதே பிசகு 1.7 டிகிரி, 30 டிபி. நீங்கள் கேட்ட ஒரு மில்லிசெகண்டில் 8.7 டிகிரி, 16 டிபி-தான் தேறும். ஹம்முக்காக ராம்பைக் குறைக்கக் குறைக்க இந்தப் பக்கம் கை நழுவும். தீர்வு, ராம்பும் சாம்பிளிங்கும் ஒரே கடிகாரத்தில் ஓடுவது. எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலரில் ஒரே டைமர், ராம்பை உண்டாக்கும் டிஏசி-யையும் சாம்பிள் எடுக்கும் ஏடிசி-யையும் சேர்த்துத் தட்டட்டும். எக்ஸ்ஆர்-2206-ஐ ஓய்வெடுக்க விடலாம். டிஏசி அட்டவணையிலேயே ஆசிலேட்டரின் வளைவையும் நேராக்கிவிடலாம்.

---

டப்பா ஆன்டெனா:

துரை சாரோடு ஒரு இடத்தில் முரண்படுகிறேன். எஸ்டிஎம்32-இன் உள்ளே இருக்கும் 12 பிட் ஏடிசி-யில் சுவரும் ஆளும் சேர்ந்து நுழைந்தால், கழிப்பதற்கு முன்பே ஆள் கடைசி இரண்டு மூன்று பிட்டுகளில் நசுங்கிவிடுவார். முதலில் அனலாக் பக்கம் ஒரு இரண்டாம் படி ஹை-பாஸ் (தாழ்ந்த அதிர்வெண்ணை அமுக்கும் ஃபில்டர்) வேண்டும். தூரம் இருமடங்கானால் எதிரொலி 12 டிபி குறையும். இரண்டாம் படி ஹை-பாஸ், அதிர்வெண் இருமடங்கானால் 12 டிபி தூக்கும். இரண்டும் சரிக்குச் சரி. 5 மில்லிசெகண்ட் ராம்பில் வெட்டு அதிர்வெண்ணை 700-இல் வைத்தால், 213 ஹெர்ட்ஸில் உள்ள சுவர் 20 டிபி அமுங்கும், 640-இல் உள்ள ஆள் சுமார் 4 டிபி-தான் இழப்பார்.

லிங்கன் ஆய்வகத்தில் சார்வட், பீபாடி குழுவினர் 2011-இல் காட்டிய பெரிய எஸ்-பேண்ட் (2 முதல் 4 கிகா) சுவர் ஊடுருவும் கருவியின் சூட்சுமமும் இந்த இனம்தான். சுவரின் எதிரொலி ஒரு அதிர்வெண்ணில், ஆளின் எதிரொலி இன்னொன்றில் வருவதால், கிறிஸ்டல் ஃபில்டர் வைத்துச் சுவரை ஏடிசி-க்கு முன்பே வெட்டிவிட்டார்கள். 13 அனுப்பும் ஆன்டெனா, 8 வாங்கும் ஆன்டெனா, நொடிக்கு 10.8 படம், 8 அங்குலக் கான்கிரீட்டுக்கு அப்பால். அதிலும் படத்துக்குப் படம் கழித்துத்தான் காட்டினார்கள். நாற்காலி தெரியாது, ஆளும் ஒரு சிவப்புத் திட்டாகத்தான் தெரிவார்.

காசில்லாத வழிகள் இரண்டு. டப்பாக்களைச் சுவருக்கு 5, 10 செ.மீ. நெருக்கத்தில் கொண்டுபோய்விட்டால் சுவரின் அடி பூஜ்ய ஹெர்ட்ஸ் பக்கம் ஒதுங்கி ஃபில்டரில் மாட்டும். தள்ளித்தான் நிற்க வேண்டுமானால் 20 டிகிரி சாய்த்து வையுங்கள். கண்ணாடி எதிரொலி கொஞ்சம் குறையும்.

---

டெசிபல் துரை:

ஒப்புக்கொள்கிறேன், ஹை-பாஸ் முதலில். ஏடிசி-யும் வெளியே ஒரு 16 பிட் வைத்து, அதே டைமரில் தட்டினால் இரண்டு பேர் சொன்னதும் நடக்கும்.

---

ஈரச்சுவர் பதில்:

மூச்சு, உரிமம் இரண்டும் விடுபட்டுப் போயின.

மூச்சில் மார்பு சில மில்லிமீட்டர் நகரும். 5 மி.மீ. என்று வைத்தால் 2.45 கிகாவில் எதிரொலியின் கட்டக்கோணம் (ஃபேஸ்) 29 டிகிரி சுழலும், இது தாராளம். இதயத்துடிப்பு 0.3 மி.மீ. அளவு, 2 டிகிரிகூட இல்லை. இந்தக் கருவியில் மறந்துவிடுங்கள். ஆனால் அடுத்தடுத்த ராம்பைக் கழிக்கும் முறை மூச்சையும் சேர்த்துக் கொன்றுவிடும், 5 மில்லிசெகண்டில் மார்பு நகர்வதே இல்லை. அதற்குத் தனிக் கணக்கு: 20 நொடிச் சராசரியைக் கழித்து, ஒவ்வொரு தூரக் கட்டத்தின் கட்டக்கோணத்தையும் 30 நொடி சேர்த்து, அதன் மேல் இன்னொரு எஃப்எஃப்டி. 0.2 முதல் 0.35 ஹெர்ட்ஸுக்குள் கூரான முகடு வந்தால் மூச்சு. ராம்ப் இல்லாமல் ஒரே அதிர்வெண்ணில் டாப்ளராக (அசைவால் எதிரொலியில் வரும் மாற்றத்தை மட்டும்) பார்த்தால் 3 செ.மீ.-க்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு; ஆள் சரியாக அங்கே இருந்தால் மூச்சு தெரியாது. கருவியை ஒன்றரை செ.மீ. நகர்த்தி மறுபடி அளக்கவும். நகர்த்தியதும் கையை எடுத்துவிட்டு விலகி நில்லுங்கள், இல்லாவிட்டால் உங்கள் மூச்சைத்தான் அளப்பீர்கள்.

இடிபாடுகளுக்கு அடியில் மூச்சும் துடிப்பும் தேடும் நாசா ஜேபிஎல்-இன் ஃபைண்டர் கருவி 2015 நேபாள நிலநடுக்கத்தில் சௌதாரா கிராமத்தில் நான்கு பேரைக் கண்டுபிடிக்க உதவியது. உங்கள் நோக்கத்துக்கு அதுதான் சரியான முன்மாதிரி, படத்தைத் துரத்தவில்லை.

தூரத்தைப் படிக்கும்போது சுவரின் தாமதத்தைக் கழியுங்கள். கான்கிரீட்டுக்குள் அலை இரண்டே கால் மடங்கு மெதுவாகப் போகும், 20 செ.மீ. சுவருக்கு ஆள் 26 செ.மீ. தள்ளித் தெரிவார். 80 மெகாஹெர்ட்ஸில் இது கட்டத்துக்குள் கரைந்துவிடும், பேண்ட்விட்த் கூடினால் உறுத்தும்.

அதைவிடப் பெரிய ஏமாற்று, சுவர் கண்ணாடி என்பதை மறப்பது. ரேடார் சுவரிலிருந்து 2 மீட்டரில், லேப்டாப்புடன் நீங்கள் ரேடாருக்கு 3 மீட்டர் பின்னால் என்று வையுங்கள். உங்கள் எதிரொலி சுவரில் பட்டுத் திரும்பி 7 மீட்டரில் விழும், அதாவது அறைக்குள் 5 மீட்டரில் ஒருவர் நடமாடுகிற மாதிரி. பின்னால் இருப்பவர்கள் அசையாமல் நின்று ஒரு பதிவு, நடந்து ஒரு பதிவு எடுத்து ஒப்பிடவும். உள்ளே இருப்பவருக்கும் பின்சுவரில் பட்டு நிழல் ஆள்கள் கிளம்பும். அவர்கள் எப்போதும் நிஜ ஆளுக்கு அப்பால்தான் இருப்பார்கள், ஆகவே அருகில் தெரிபவரை நம்புங்கள்.

உரிமம்: இந்தியாவில் 2400-2483.5 மெகாஹெர்ட்ஸுக்கு 2005 அறிவிப்பின்படி உரிம விலக்கு உண்டு, உச்சவரம்பு ஒரு வாட் வெளியீடு, ஆன்டெனா சேர்த்து 4 வாட். உங்களுடையது 10 டிபிஎம்மும் 7 டிபிஐ-யும் சேர்ந்து 50 மில்லிவாட்தான். விஎன்ஏ-வோடு அகன்ற பேண்டுக்கான விவால்டி ஆன்டெனா மாட்டி 1 முதல் 3 கிகா வரை படிப்படியாகத் துடைத்தால் 7.5 செ.மீ. துல்லியம் வரும் என்று ஆசை வரும். அந்த வழியில் மொபைல் பேண்டுகளும் ஜிபிஎஸ்ஸும் இருக்கின்றன. தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் தளத்தில் சோதனை உரிமத்துக்கு விண்ணப்பிக்காமல் ஆன்டெனாவை மாட்டாதீர்கள்.

அமெரிக்காவில் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2002-இல் வகுத்த அல்ட்ரா-வைடுபேண்ட் விதிகள், சுவர் ஊடுருவும் கருவிகளைக் காவல், தீயணைப்பு, மீட்புத் துறைகளோடு நிறுத்திவிட்டன. அங்கேயே 2014-இல், கையடக்க டாப்ளர் ரேடாரை வீட்டுச் சுவரில் வைத்துப் பார்த்த ஒரு வழக்கில், இதன் பயன்பாடு கனத்த கேள்விகளை எழுப்புகிறது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் குறித்தது. இங்கே அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லிவிட்டது. சோதனைக்கு உங்கள் அறையும் சம்மதித்த ஆளும் மட்டும்.

---

சுவர்க்கோழி:

தெளிவாகிவிட்டது. செங்கல் சுவரில் முதல் சோதனை எப்படி வைப்பது? அறையில் ஃபேன், டியூப்லைட் எல்லாம் உண்டு.

---

டப்பா ஆன்டெனா:

சுவருக்கு முன் மைதானம். 5, 10, 15 மீட்டரில் ஆளை நிறுத்தி, முன்னும் பின்னும் ஒரு அடி ஆடச் சொல்லுங்கள். 20 மில்லிசெகண்ட் ராம்பில் 133, 267, 400 ஹெர்ட்ஸ் வர வேண்டும். விகிதம் சரியாக இருந்து எண் மட்டும் தப்பினால் துடைப்பு அகலம் தப்பு. எல்லாம் ஒரே அளவு தள்ளியிருந்தால் கேபிள் நீளம், அதைக் கழித்தால் போதும். முகடு அகன்று இரண்டாகப் பிளந்தால் ராம்ப் நேராக இல்லை. பிறகு மரக்கதவு, பிறகு செங்கல், கடைசியாகக் கான்கிரீட்.

ஃபேனை அணையுங்கள். 48 அங்குல ஃபேன் நிமிடத்துக்கு 300 சுற்று ஓடினால் இறக்கை நுனி நொடிக்கு 19 மீட்டர் போகும். டாப்ளர் 300 ஹெர்ட்ஸ் வரை தெறிக்கும். நடந்து போகிறவர் 16 ஹெர்ட்ஸ்தான். சோக் போட்ட பழைய டியூப்லைட்டுக்குள் இருக்கும் வாயுவும் நொடிக்கு நூறு தடவை அலையைத் திருப்பி அடிக்கும், டாப்ளரில் நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடுகிற ஆள் மாதிரித் தெரியும். பக்கத்து அறை டியூப்லைட்டையும் பாருங்கள். வைஃபை ரூட்டர் படத்தில் ஒற்றை ராம்ப் அகலத்துக்குக் கோடுகளாகக் கீறும். சராசரியைவிட மூன்று மடங்கு பெரிய ராம்புகளைத் தூக்கி எறிந்தால் போகும். ஃபேனுக்கு அப்படி ஒரு குறுக்கு வழி இல்லை, சுவிட்சுதான்.